நோக்டா லெஜண்ட் மெட்டல் டிடெக்டர் வாங்கியாச்சு. ஈக்வினாக்ஸ் 800, டியூஸ் 2 இரண்டோடும் வைத்துப் பார்த்தேன், எது மேல் என்றே புரியவில்லை

மொர்டியாலக் மணி

எல்லோருக்கும் வணக்கம். மெல்பர்னில் இருக்கிறேன். மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைத் தேடும் மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு கடற்கரையில் சுற்றியது போதும் என்று போன மாதம் சொந்தமாக ஒரு நோக்டா லெஜண்ட் வாங்கினேன். துருக்கிக்காரர்கள் செய்வது, 2022-இல் வந்த மாடல், 11 அங்குலக் காயில் (தரைக்கு மேல் ஆட்டும் வட்டமான தலைப்பகுதி). எங்கள் கூட்டத்தில் ஒருவரிடம் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 இருக்கிறது. எங்களுக்கெல்லாம் இந்தக் கிறுக்கைப் பிடிக்கவைத்த அண்ணன் ஒருவரிடம் பிரெஞ்சுக் கம்பெனியான எக்ஸ்பியின் டியூஸ் 2. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தே தீருவது என்று ஒரு வார இறுதியை ஒதுக்கினோம்.

வீட்டு ஹாலில் தரையில் நாணயத்தை வைத்துப் பார்த்தபோது மூன்றும் கன்னாபின்னாவென்று கத்தின, விட்டுவிட்டோம். தோட்டத்தில் மர மேசைமேல் காயிலை நிறுத்தி, இரண்டு டாலர் நாணயத்தைக் கையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனோம். மூன்றுக்கும் விரல்கடை வித்தியாசம்தான். அப்புறம் மொர்டியாலக் கடற்கரை. உலர்ந்த மணல், ஈர மணல், முழங்கால் தண்ணீர் எல்லாவற்றிலும் மூன்றும் நன்றாகவே வேலை செய்தன. எடையில்தான் பெரிய வித்தியாசம், டியூஸ் 2 முக்கால் கிலோ, மற்ற இரண்டும் கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு பங்கு. மாலையில் என் தோள்பட்டைக்கு அது நன்றாகவே தெரிந்தது.

மறுநாள் டனோலி, விக்டோரியாவின் பழைய தங்க வயல் ஊர். செம்மண், அதில் கறுப்பும் சிவப்புமாகச் சின்னச் சின்ன இரும்புக்கல். அங்கே போனதும் மூன்றின் கதையும் மாறிவிட்டது. சென்சிட்டிவிட்டியை, அதாவது மெல்லிய சிக்னலையும் பிடிக்கும் அளவை, பாதிக்குக் கீழே இறக்கினால்தான் வாயை மூடுகின்றன, இறக்கினால் ஒன்றும் கிடைப்பதில்லை, கிடைப்பதெல்லாம் ஈயக் குண்டும் பழைய ஆணியும். நாங்கள் மூன்று பேரும் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டி முடித்த ஓடைக்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் மைன்லேப்பின் பழைய ஜி.பி.எக்ஸ். 5000 என்கிற பல்ஸ் இன்டக்‌ஷன் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெதுவாக, தூங்குகிறாரோ என்று நினைக்கும் அளவுக்கு மெதுவாக ஆட்டினார், அரை மணி நேரத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்து பட்டாணி அளவு தங்கத்தை எடுத்துக் காட்டிவிட்டு, சிரித்துவிட்டுப் போனார்.

இப்போது என் கேள்வி. காற்றிலும் மணலிலும் ஒன்றுபோல இருந்தவை அங்கே ஏன் படுத்துவிட்டன? லெஜண்டை விற்றுவிட்டு ஏதாவது பல்ஸ் இன்டக்‌ஷன் மெஷினுக்குப் போகவா? இன்னொன்று, அகப்பட்டது என்ன உலோகம் என்று திரையில் காட்டும் ஐடி எண் என்னுடையதில் 60 வரை, ஈக்வினாக்ஸில் 40 வரை, டியூஸில் 99 வரை. இதை வைத்து எப்படித்தான் ஒப்பிடுவது?

பென்டிகோ ராசா

மணி, நீங்கள் ஒப்பிட்டது மூன்று மெஷினை இல்லை, ஒரே வகை மெஷினின் மூன்று பிராண்டை. மூன்றுமே வி.எல்.எஃப்., அதாவது மிகக் குறைந்த அதிர்வெண் வகை, மூன்றும் ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்பவை. உப்பு ஈரத்தில் சமாளிக்க அது பெரிதும் உதவும், அதனால்தான் மொர்டியாலக்கில் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன.

ஹாலில் கத்தியதற்குக் காரணம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. இது இன்று நேற்று வந்த தொல்லையும் இல்லை. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட கிரஹாம் பெல் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை, மெத்தைக்குள் இருந்த எஃகு ஸ்பிரிங் கெடுத்துவிட்டது என்றுதான் அதற்குக் காரணம் சொல்கிறார்கள். அதனால் வீட்டுக்குள் சோதனையே வேண்டாம்.

காற்றில் வித்தியாசம் தெரியாததற்குக் கணக்கு இருக்கிறது. காயிலிலிருந்து போகும் காந்தப்புலம், காயிலின் அளவைத் தாண்டிய தூரத்தில், தூரத்தின் முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. நாணயத்தில் எழும் மறுமொழி திரும்பி வரும்போது இன்னொரு முப்படி. ஆக மொத்தம் ஆறாம் படி. ஆழத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் 64 மடங்கு சிக்னல் வேண்டும். ஒரு கம்பெனி சிக்னலை இரண்டு மடங்காக்கினாலும் ஆழத்தில் கிடைப்பது சுமார் 12 சதவீதம்தான். நீங்கள் பார்த்த விரல்கடை அதுதான். 'முந்தைய மாடலைவிட 50 சதவீதம் கூடுதல் ஆழம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் எந்த மண்ணில், எந்தப் பொருளுக்கு என்று கேளுங்கள், பதில் வராது.

டனோலி வேறு உலகம். அந்த இரும்புக்கல்லில் இருக்கும் மேக்னடைட், மேக்ஹமைட் போன்றவை காந்தப்புலத்துக்குப் பலமாக மறுமொழி சொல்லும். வி.எல்.எஃப். மெஷின் அலையை விடாமல் அனுப்பிக்கொண்டே அதே நேரத்தில் கேட்கவும் செய்கிறது, அதனால் மண்ணின் சத்தம் தங்கத்தின் சத்தத்தைவிடப் பல மடங்கு பெரிதாக வந்து நிற்கும். கிரவுண்ட் பேலன்ஸ் செய்தால், அதாவது அந்த மண்ணுக்கு ஏற்ப மெஷினைச் சரிசெய்தால், ஓரளவு கழியும். ஆனால் அங்கே ஓர் அடிக்கு ஓர் அடி மண் மாறுகிறது. பல்ஸ் இன்டக்‌ஷன் துடிப்பை அனுப்பிவிட்டு, அதை நிறுத்தி, சில மைக்ரோ விநாடி கழித்துத்தான் காது கொடுக்கும். அதற்குள் மண்ணின் மறுமொழியில் பெரும்பகுதி அடங்கியிருக்கும், மிச்சத்தைக் கழித்துவிடலாம். பெரியவர் எடுத்த பட்டாணி அப்படி வந்ததுதான்.

1995-இல் மைன்லேப்பின் எஸ்.டி. 2000 என்கிற பல்ஸ் மெஷின் வந்தபோது இந்தப் பக்கம் நடந்ததும் இதுதான். இனி ஒன்றும் இல்லை என்று எல்லோரும் கைவிட்ட இடங்களிலிருந்து மறுபடி தங்கம் வர ஆரம்பித்தது. அதைச் செய்தவர் அந்தக் கம்பெனியின் இயற்பியலாளர் புரூஸ் கேண்டி, இன்றைக்கு ஜி.பி.எக்ஸ். என்று ஓடுவதெல்லாம் அந்தப் பரம்பரைதான். அதற்காக வி.எல்.எஃப். ஒன்றுக்கும் ஆகாது என்றும் நினைக்காதீர்கள். நீங்கள் போன ஊருக்குப் பக்கத்துக் கிங்கோவரில் 1980-இல் கெவின் ஹிலியர் எடுத்த 27 கிலோக் கட்டி, 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்', அந்தக் காலத்து காரெட் (Garrett) கம்பெனி டிடெக்டரில் அகப்பட்டதுதான். அவ்வளவு பெரிய கட்டிக்கு எந்த மெஷினும் கத்தும் என்பது வேறு விஷயம்!

அரைக்காசு (கென்ட், இங்கிலாந்து)

லெஜண்டை விற்காதீர்கள். விற்றால் எனக்கு விலை சொல்லுங்கள்.

ராசா சொன்னது தங்க வயலுக்குச் சரி. ஆனால் பல்ஸ் மெஷினைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கோ ஆள் நடமாட்டமுள்ள கடற்கரைக்கோ போய்ப் பாருங்கள், பொழுது சாய்வதற்குள் அழுதுவிடுவீர்கள். அதற்கு இரும்பு எது, வெள்ளி எது என்று உருப்படியாகப் பிரிக்கத் தெரியாது. ஆணி, ஹேர்பின், சோடா மூடி எல்லாமே சிக்னல்தான், அதுவும் முழங்கை ஆழத்திலிருந்து.

எங்கள் ஊரில் உழுத வயலில் தேடுகிறோம். ரோமானியர் காலத்துக் குடியிருப்பு இருந்த வயலென்றால் கையளவு இடத்தில் நாலு இரும்பு ஆணி, நடுவில் ஒரு மெல்லிய வெள்ளிக்காசு. இங்கே ஆழத்தை யாரும் பேசுவதில்லை. ஆணியைக் கத்தி முடித்துவிட்டு அடுத்த காசுக்கு மெஷின் எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது என்பதைத்தான் பேசுவார்கள். டியூஸுக்கு இங்கே இவ்வளவு பெயர் வந்ததே அதனால்தான். ஈக்வினாக்ஸிலும் லெஜண்டிலும் ரெக்கவரி ஸ்பீட் என்று ஒரு செட்டிங் இருக்கும், அதைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். கூட்டினால் ஆழம் கொஞ்சம் குறையும், குப்பைக்குள் பிரித்துச் சொல்வது கூடும். ஆணி நிறைந்த ஒரு பழைய வீட்டு மனையில் மூன்றையும் இறக்கிப் பார்த்திருந்தால் உங்களுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

ஐடி எண்ணை மெஷினுக்கு மெஷின் ஒப்பிடாதீர்கள், அது அவரவர் வைத்த அளவுகோல். உங்கள் மெஷினில் எந்த நாணயம் எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். ஆழம் கூடக்கூட எண் தடுமாறும், மண்ணில் இரும்புச் சத்து இருந்தால் இன்னும் தடுமாறும். கடற்கரையில் கவனிக்க வேண்டியது ஒன்று: பானக் கேனின் அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் பல சமயம் ஒரே எண்ணில்தான் வந்து நிற்கும். வளையத்தைத் தோண்டிச் சலித்துப்போய் அந்த எண்ணை அடைத்து வைத்தால் மோதிரமும் போச்சு. கடற்கரையில் மோதிரம் எடுப்பவர்களின் பையைப் பாருங்கள், முக்கால்வாசி அலுமினியக் குப்பைதான் இருக்கும். சோடா மூடிதான் பெரிய ஏமாற்றுக்காரன். இரும்புதான், ஆனால் தட்டையாக வட்டமாக இருப்பதால் நல்ல நாணயம் மாதிரி குரல் கொடுக்கும். பல அலைவரிசை மெஷின்களில் இந்தத் தொல்லை கூடுதல். லெஜண்டில் அதைத் தள்ள ஒரு தனி செட்டிங் உண்டு, ஆனால் அளவோடு வையுங்கள்.

தாரமங்கலத்தான்

நண்பர்களே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர்ப்பக்கம் பழைய கோட்டை மேடு ஒன்று இருக்கிறது, புதையல் இருப்பதாகச் சின்ன வயதிலிருந்து கேள்வி. இந்த லெஜண்டை இந்தியாவுக்கு வரவழைத்தால் பயன்படுமா? இங்கே ஒருவர் நூறு மீட்டர் தள்ளி நின்றே தங்கத்தைக் காட்டும் மெஷின் என்று ஒன்றை லட்சக்கணக்கில் விலை சொல்கிறார், இரண்டு ஆன்டெனா வைத்தது. அது எப்படி?

அரைக்காசு

தாரமங்கலத்தான், முதலில் அந்த ஆன்டெனா ஆசாமியிடமிருந்து விலகுங்கள். மேலே ராசா எழுதிய ஆறாம் படிக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள். நாணயத்தை ஒரு முழத்தில் பிடிப்பதற்கே இவ்வளவு பாடு, நூறு மீட்டரில் எப்படிப் பிடிக்கும்? கோபுரக் கலசத்து இரிடியம், மண்ணுளிப் பாம்பு வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே மாதிரிப் பொம்மையை, ஏ.டி.இ. 651 என்று பெயர் வைத்து, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி ஈராக் அரசுக்கே விற்றார் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்கிற எங்கள் நாட்டு ஆள். சோதனைச் சாவடிகளில் போலீஸ்காரர்கள் அதைத்தான் நம்பி நின்றார்கள். 2013-இல் அவருக்குப் பத்து வருடச் சிறை. உள்ளே பேட்டரிகூடக் கிடையாது.

அப்புறம் கோட்டை மேடு. இந்தியாவில் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் சிறைக்கும் வழி இருக்கிறது. அதோடு அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடமென்றால் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போவதே வினை. இங்கே இங்கிலாந்தில் நில உரிமையாளர் அனுமதித்தால் தேடலாம், புதையல் என்று கருதத்தக்கது கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் பணமும் வரும். அதனால் இங்கே ஒளிக்காமல் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்தப் பழக்கம் வரவில்லை, வராத வரைக்கும் மேட்டை மேடாகவே விடுங்கள். அதில் பானை ஓடு எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதிலேயே ஊரின் வயது இருக்கிறது, குழி தோண்டினால் அதுவும் போய்விடும்.

தாரமங்கலத்தான்

சரி சார், புரிந்தது. ஆன்டெனாக்காரர் முன்பணம் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார், அதனால்தான் கேட்டேன்.

முகமாலை

மணி தம்பி, நான் முன்பு வட இலங்கையின் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவன். இப்போது சிட்னி. பொழுதுபோக்கு டிடெக்டர் பற்றிக் கனக்கத் தெரியாது, ஆனால் டிடெக்டரைச் சோதிக்கிற விதம் பற்றிக் கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு மெஷின் காற்றில் எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும், வேலை செய்யப் போகிற அதே மண்ணில், குறித்த ஆழத்தில் ஒரு சோதனைத் துண்டைப் புதைத்து வைத்து, அது கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே போவோம். கேட்காவிட்டால் அந்த மெஷின் அன்றைக்கு வேலைக்கு இல்லை. பி4 மாதிரி பிளாஸ்டிக் மிதிவெடிக்குள் உலோகம் மிகச் சின்னத் துண்டுதான் இருக்கும், பட்டாணி அளவு தங்கம் தேடுகிறவருக்கும் எங்களுக்கும் கஷ்டம் ஒன்றுதான். நீங்கள் காட்டிய மைன்லேப்காரர்களே எஃப்3 என்று மிதிவெடிக்கு ஒரு டிடெக்டர் செய்கிறார்கள், அதிலும் பெரிய வேலை மண்ணின் சத்தத்தைக் கழிப்பதுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். முகமாலை முன்னரங்காக இருந்த இடம். சில காணிகளில் ஷெல் சிதறல் அவ்வளவு கிடந்தது, டிடெக்டரைப் போட்டால் நிற்காமல் சத்தம். அங்கே மெஷினை ஓரத்தில் வைத்துவிட்டு, பாரமான ரேக்காலும் மெல்லிய ரேக்காலும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துத்தான் எடுத்தோம். எந்த மண்ணுக்கு எந்தக் கருவி என்று முதலில் முடிவு செய்வது, பிறகுதான் எந்தக் கம்பெனி என்ற கதை.

நீங்கள் மூன்றையும் உண்மையாக ஒப்பிட விரும்பினால் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு மெஷின் சிக்னல் காட்டினால் உடனே தோண்ட வேண்டாம். ஒரு கொடியைக் குத்திவிட்டு விலகுங்கள். மற்ற இருவரும் வந்து, கொடி போட்டவர் என்ன எண் பார்த்தார் என்று கேட்காமல், தங்கள் மெஷினில் கேட்டு எழுதட்டும். ஒரு பக்கமிருந்து மட்டுமில்லாமல் குறுக்காகவும் ஆட்டிப் பார்க்க வேண்டும், வளைந்த ஆணி ஒரு பக்கம் காசு மாதிரியும் மறுபக்கம் இரும்பு மாதிரியும் கதைக்கும். மூவரும் எழுதிய பிறகு தோண்டுங்கள். புதிதாகப் புதைத்த காசில் செய்கிற சோதனையை நான் நம்புவதில்லை, கிளறிய மண் வேறு, வருடக்கணக்காகக் கிடந்த மண் வேறு. மற்றது, ஒருவர் மெஷின் போடும்போது மற்ற இரண்டையும் நிறுத்திவையுங்கள். பக்கத்தில் ஓடினால் ஒன்றையொன்று குழப்பும், டனோலியில் உங்கள் மூன்றும் கத்தியதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

மொர்டியாலக் மணி

முகமாலை அண்ணை, மிக்க நன்றி. மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டுதான் இருந்தோம். கொடி குத்துகிற யோசனையை நண்பர்களிடம் சொன்னேன், டியூஸ் அண்ணன் மட்டும் 'என் சிக்னலை நான் ஏன் அவனுக்குக் காட்ட வேண்டும்' என்கிறார். பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ராசா அண்ணா, தங்க வயலுக்கென்று ஒன்று வாங்குவதானால் எங்கே ஆரம்பிப்பது? புது ஜி.பி.எக்ஸ். 6000 விலையைப் பார்த்தேன், அந்தப் பக்கத்தை உடனே மூடிவிட்டேன். கோல்ட் மான்ஸ்டர் 1000 பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

பென்டிகோ ராசா

கோல்ட் மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸ் வி.எல்.எஃப்., பொடித் தங்கத்துக்கு நல்ல காது, விலையும் பரவாயில்லை. ஆனால் ஆழம் எதிர்பார்க்காதீர்கள். மேல்மண் மெல்லியதாக இருக்கும் இடம், பழைய ஆட்கள் தோண்டி வெளியே கொட்டிய மண்மேடு, பாறை தெரியும் ஓடை, இந்த மாதிரி இடங்களுக்கு அது சரி. அந்தப் பெரியவர் எடுத்தது போல ஒரு சாண் ஆழத்துப் பட்டாணி வேண்டுமென்றால் பல்ஸ்தான், பழைய ஜி.பி.எக்ஸ். ஒன்றை இரண்டாம் கையாக வாங்குவது ஒரு வழி. பேட்டரியும் காயில் வயரும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். தங்க வயல் ஊர்களில் டிடெக்டர் கடைகள் வாடகைக்கும் விடுகின்றன. நாள் முழுக்கத் தோண்டி ஈயக் குண்டும், சுரங்கக்காரர்களின் பூட்ஸ் ஆணியும் மட்டுமே கையில் வந்த பிறகும் மறுபடி போக ஆசை இருந்தால் வாங்குங்கள். பலருக்கு அந்த ஒரு நாளிலேயே தெளிந்துவிடும்.

லெஜண்டையும் அங்கே கொண்டுபோகலாம். 11 அங்குலத்தைக் கழற்றிவிட்டு 6 அங்குலக் காயிலைப் போடுங்கள், சின்னக் காயில் ஒரே நேரத்தில் குறைந்த மண்ணைத்தான் பார்க்கும், அதனால் சத்தமும் குறையும். சென்சிட்டிவிட்டியைக் கண்டபடி இறக்க வேண்டியிருக்காது. நாலு எட்டுக்கு ஒருமுறை கிரவுண்ட் பேலன்ஸ். காயில் தரையை உரசுகிற மாதிரி, மட்டமாக. நீங்கள் பெரியவரைத் தூங்குகிறார் என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த வேகம்தான் வேகம்.

மைனர்ஸ் ரைட் என்கிற அனுமதிச் சீட்டு எடுத்தீர்களா? எழுதவில்லையே. விக்டோரியாவில் தங்கம் தேட அது கட்டாயம், ஆன்லைனில் எடுத்துவிடலாம், ஒருமுறை எடுத்தால் பத்து வருடத்துக்குச் செல்லும். ஆளுக்கு ஒன்று வேண்டும், மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று என்பதெல்லாம் இல்லை. தேசியப் பூங்கா எல்லைக்குள் போகாதீர்கள், தனியார் நிலமென்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். தோண்டிய குழியை அங்கேயே மூடிவிடுங்கள். பழைய கட்டட இடிபாடு, பழங்குடி மக்களின் இடம் என்று தெரிந்தால் கை வைக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

மொலியாகல் பக்கம் போனால் 1869-இல் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்கிற பெரிய தங்கக் கட்டி கிடைத்த இடத்தையும் எட்டிப் பாருங்கள், நினைவுத்தூண் இருக்கிறது. தரைக்கு இரண்டு விரல்கடை கீழேதான் கிடந்ததாம், டனோலிக்குக் கொண்டுவந்தால் நிறுக்க அவ்வளவு பெரிய தராசு இல்லாமல் பட்டறையில் வைத்து உடைத்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் புதருக்குள் மூடாத பழைய சுரங்கக் குழிகள் நிறைய. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக மட்டும் நடக்காதீர்கள்.